அளந்து கொடுத்த தண்ணீர்

என் அக்காவின் புருஷனை நான் பாவா என்றுதான் கூப்பிடுவேன். ஆந்திர எல்லையை ஒட்டிய எங்கள் பக்கத்தில் தமிழ் வீடுகளிலும் அந்த முறை உண்டு. நேரில் வாங்க, போங்க என்றுதான் பேசுவேன். மரியாதை குறைந்தால் என்னைத் திட்டுவதற்கு அவனுக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும். அதைக் கொடுக்க எனக்கு மனமில்லை. இங்கே எழுதும்போது மட்டும் அவன் என்று எழுதுகிறேன்.

அவன் மூச்சுக்குத் திணறுகிறான் என்று அக்கா போன் செய்தபோது நான் புத்தூர் பக்கம் ஒரு செங்கல் சூளையில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தேன். அதற்கு முன் லாரி கிளீனர். அதற்கும் முன் புனேயில் ஒரு கேன்டீன். எந்த ஊரிலும் எனக்குக் கால் தரிக்காது.

"உங்க பாவாவால படுக்க முடியலடா. சேர்லயே உக்காந்துகினு தூங்குறாரு. என்னால தூக்க முடியல. பொண்ணு சித்தூர்ல கீறா, அவளுக்குப் பிரசவ நேரம். நீ வந்து கொஞ்ச நாளு இருடா" என்றாள்.

வருகிறேன் என்றேன். போனில் அழுதாள். தம்பிக்குப் பாசம் என்று நினைத்திருப்பாள். அவன் திணறுவதைப் பார்க்கத்தான் நான் பஸ் ஏறினேன்.

திருத்தணியில் அவர்கள் வீடு பள்ளிப்பட்டு ரோட்டில் இருக்கிறது. வீட்டை ஒட்டி தறி ஷெட். லுங்கி நெய்கிற விசைத்தறிகள் காலையிலிருந்து இரவு வரை ஓடும். உள்ளே போனபோது அவன் பிளாஸ்டிக் சேரில், முதுகுக்குப் பின்னால் இரண்டு தலையணை வைத்து உட்கார்ந்திருந்தான். கால் இரண்டும் வீங்கி, செருப்பின் வார் பதிந்த இடம் பள்ளமாக இருந்தது. ஒரு வாக்கியம் பேச மூன்று இடத்தில் நிறுத்தினான்.

"இன்னாடா... ஊர் சுத்தி... வந்துட்டியா?"

"ஆங், வந்துட்டேங்க பாவா. எப்படிக் கீறீங்க?"

"பாத்தா... தெரியல?"

தெரிந்தது. நன்றாகவே தெரிந்தது. அவனை இந்த நிலைமையில் பார்க்க வேண்டும் என்று பல ஊர்களில், பல கூரைகளின் கீழே படுத்துக்கொண்டு நான் நினைத்திருக்கிறேன். அது ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

எட்டாவதில் தோற்ற பிறகு என்னை இவனுடைய ஷெட்டில்தான் வேலைக்கு விட்டார்கள். பதினேழு வயது நடக்கும்போது ஒரு மழைக்காலத்தில் எனக்கு வலது விலாவில் வலி வந்தது. மூச்சை உள்ளே இழுத்தால் யாரோ விலாவுக்குள் ஊசியைக் குத்தித் திருப்புவதுபோல இருக்கும். சாயங்காலம் ஆனால் காய்ச்சல். வறட்டு இருமல். இரண்டு தறிக்கு நடுவில் நடந்தாலே மேல்மூச்சு வாங்கும். ஒருநாள் தறியை நிறுத்திவிட்டு நூல் மூட்டைமேல் சாய்ந்துவிட்டேன். பாவா வந்தான். ஷெட்டில் இருந்த அத்தனை பேரையும் கூப்பிட்டான்.

"எல்லாரும் வந்து பாருங்கய்யா. நோவு இல்ல இவனுக்கு, நடிப்பு. சினிமாவுக்கு அனுப்பினா பெரிய ஆளா வருவான்."

எல்லோரும் சிரித்தார்கள். டீ கொண்டுவந்த அக்கா வாசலில் நின்றாள். அவள் சிரிக்கவில்லை. ஒன்றும் சொல்லவும் இல்லை. அதற்குப் பிறகு தினமும் நான் இருமினால் அவனும் கூடவே இருமிக் காட்டுவான். வலது விலாவைக் கையால் பிடித்துக்கொண்டு, கண்ணைச் செருகி, என்னைப்போலவே. நன்றாகத்தான் நடிப்பான்.

கடைசியில் நான் அரக்கோணம் ஸ்டேஷனில் பிளாட்பாரத்தில் விழுந்தேன். யாரோ ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நுரையீரலுக்கு வெளியே, அதை மூடியிருக்கிற இரண்டு உறைகளுக்கு நடுவில் தண்ணீர் கட்டியிருக்கிறது, அது நுரையீரலை ஒரு பக்கமாக அமுக்குகிறது என்றார்கள். என்னை உட்காரவைத்து, மேஜைமேல் தலையணை போட்டு, அதன்மேல் கவிழச் சொன்னார்கள். முதுகில் மரத்துப்போக ஒரு ஊசி. பிறகு இரண்டு விலா எலும்புக்கு நடுவில் பெரிய ஊசி. இருமாதே, அசையாதே என்றாள் நர்ஸ். பால் கலக்காத டீயைப்போல மஞ்சளாக, ஒரு பாட்டில் நிறைய வந்தது. அது வரவர மூச்சு தடையில்லாமல் உள்ளே இறங்கியது. சோதித்துப் பார்த்து டீபி என்றார்கள். மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டுத்தான் சரியானேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று என் பாயும் பையும் தெருவில் இருந்தன. "டீபிடா. புள்ளைக்கு ஒட்டிக்கும்" என்றான். ஒட்டும் என்று பயந்ததற்கு நான் கோபப்படவில்லை. வீட்டில் சின்னக் குழந்தை இருந்தது. ஆனால் நடிப்பு என்று சொன்ன வாய் அதுதான். அது நடிப்பில்லை என்று அதே வாயால் ஒரு தடவை சொல்லிவிட்டு, பிறகு பாயைத் தூக்கி வெளியே போட்டிருக்கலாம்.

எனக்கு வேண்டியது அந்த ஒரு தடவைதான். அக்கா கேட்கும்படி, அவன் வாயால். அதைச் சொல்ல அவனுக்கு மூச்சு வேண்டும். அதனால் அவன் பிழைக்க வேண்டும் என்று நான் முடிவுசெய்தேன்.

மறுநாள் அவனை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டரம்மா முதுகில் ஸ்டெதஸ்கோப் வைத்து, கீழேயிருந்து மேலே ஒவ்வொரு இடமாகக் கேட்டார். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார்.

பாவா முந்திக்கொண்டான். "தண்ணிதானம்மா... இவனுக்குக்கூட சின்ன வயசுல... ஊசி போட்டு எடுத்தாங்க. எனக்கும் எடுத்துடுங்க."

அந்த வாயிலிருந்து என் ஊசியைப் பற்றி வந்த முதல் பேச்சு அது. அவனுக்கு வேண்டும் என்னும்போதுதான் வந்தது.

"அவருக்கு இருந்தது நுரையீரலுக்கு வெளிய நின்ன தண்ணி" என்றார் டாக்டரம்மா. "உங்களுக்கு உள்ளயே ஊறிப்போய் இருக்கு. ஈரப் பஞ்சை ஊசியால குத்தினா தண்ணி வருமா? உங்க இதயம் ஒரு பம்ப். அது பலவீனமாப் போச்சு. நுரையீரல்ல இருந்து வர்ற ரத்தத்தை அதால முழுசா இழுத்துத் தள்ள முடியல. ரத்தம் பின்னால தேங்குது. தேங்கின அழுத்தத்துல சின்னக் குழாய்ங்கள்ல இருந்து தண்ணி கசிஞ்சு காத்துப் பைக்குள்ள இறங்குது. காத்து போற இடத்துல தண்ணி நின்னா எப்படி மூச்சு விடுவீங்க? படுத்தா கால்ல இருக்கற நீரும் நெஞ்சுக்கு வந்துடும். அதான் படுக்க முடியல."

நீர் மாத்திரை எழுதினார். நீரைச் சிறுநீராக வெளியே தள்ளுகிற மாத்திரை. இதயத்துக்கும் ரத்தக்கொதிப்புக்கும் தனி மாத்திரைகள். உப்பைப் பாதிக்கும் கீழே குறைக்க வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு கூடாது. தண்ணீர் ஒரு நாளைக்கு ஒரு லிட்டர்தான். தினமும் காலையில் எடை பார்க்க வேண்டும். ஓரிரு நாளில் சட்டென்று ஏறினால் அது சதை இல்லை, தண்ணீர். உடனே வர வேண்டும். கடைசியாக என்னைப் பார்த்து, "நீங்கதான் பாத்துக்கறீங்களா? கண்டிப்பா இருக்கணும்" என்றார்.

இருப்பேன் என்றேன். ஒருவனைப் பழிவாங்கச் சொல்லி, மருந்துச் சீட்டும் எழுதி என் கையில் கொடுத்ததுபோல இருந்தது.

காலையில் ஒரு லிட்டர் பாட்டிலை நிரப்பி என் பக்கத்தில் வைத்துக்கொள்வேன். அவன் கேட்பான். நான் சின்ன டம்ளரில் பாதி ஊற்றுவேன். நாக்கால் டம்ளரின் அடியைத் தடவுவான்.

"இன்னும் கொஞ்சம் ஊத்துடா."

"சாயங்காலத்துக்கு வேணும் இல்லங்களா பாவா?"

"தாகத்துல கொல்றியேடா பாவி."

"டாக்டரம்மா சொன்னதுங்க. நம்ம கையில இன்னா இருக்குது?"

எடை பார்ப்பது இதைவிட நன்றாக இருந்தது. வீட்டில் வைக்கிற சின்ன மிஷின் ஒன்று வாங்கிவிடலாம் என்று அக்கா சொன்னாள். வேண்டாம் என்றேன். ஷெட்டில் நூல் மூட்டை நிறுக்கும் எடை மிஷின் இருந்தது. தினமும் காலையில் அவனைக் கைத்தாங்கலாக ஷெட்டுக்குள் நடத்திக் கூட்டிப்போய், எல்லோரும் பார்க்க அதன்மேல் ஏற்றினேன். அன்று சிரித்தவர்களில் ஒருத்தி இன்னும் அங்கே வேலை செய்கிறாள். நூல் சுற்றுகிற அம்மாள்.

"இன்னா முதலாளி, மூட்டை கணக்கா ஏறி நிக்கறீங்க? எந்த ஊருக்கு லோடு?" என்பாள்.

ஷெட்டே சிரிக்கும். அவன் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு முறைப்பான். திட்டுவதற்கு மூச்சு போதாது.

மாத்திரை வேலை செய்தது. மணிக்கு ஒரு தடவை பாத்ரூமுக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. கால் வீக்கம் வடிந்து தோல் சுருங்கியது. எடை இறங்கியது. சேரிலிருந்து கட்டிலுக்கு மாறினான். தலையணை ஒன்று குறைந்தது. மூச்சு வாங்காமல் முழு வாக்கியம் பேச ஆரம்பித்ததும் ஒருநாள் கேட்டேன். அக்கா பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"பாவா, அன்னிக்கு ஷெட்டுல எல்லாரையும் கூப்பிட்டு என்னைக் காட்டி ஒண்ணு சொன்னீங்களே. ஞாபகம் கீதுங்களா?"

"எது?"

"சினிமான்னு."

என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் ஒன்றும் இல்லை. "தண்ணி குடுடா மொதல்ல" என்றான்.

பாதி டம்ளரைவிடக் குறைவாக ஊற்றினேன்.

ஆடி பிறந்தது. இறங்கிக்கொண்டிருந்த எடை நின்றது. பிறகு ஏறியது. பாட்டில் என் கையில்தான் இருந்தது; பாத்ரூம் குழாய்க்குக்கூட நான் இல்லாமல் அவன் போவதில்லை. மாத்திரையை என் கண் எதிரில்தான் விழுங்கினான். எங்கிருந்து ஏறுகிறது என்று எனக்குப் புரியவில்லை. கணுக்காலில் விரலை வைத்து அமுக்கினேன். குழி விழுந்தது. எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது.

ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள் மதியம் மருந்துக் கடையிலிருந்து சீக்கிரம் திரும்பினேன். அவன் கட்டிலில் உட்கார்ந்து பெரிய சொம்பை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தான். கேழ்வரகுக் கூழ். மோர் ஊற்றிக் கரைத்து, வெங்காயம் நறுக்கிப் போட்டது. பக்கத்துத் தட்டில் சுட்ட கருவாடு. அக்கா விசிறிக்கொண்டிருந்தாள்.

சொம்பைப் பிடுங்கினேன்.

"இன்னாடா பண்றே?" என்றாள் அக்கா.

"டாக்டரம்மா தண்ணி ஒரு லிட்டருன்னு சொல்லல?"

"தண்ணி எங்கடா குடுத்தேன்? சொட்டுத் தண்ணி குடுக்கல. இது கூழு. சாப்பாடு."

"சாப்பாடா? இதுல பாதிக்கு மேல தண்ணி. மோரும் தண்ணி. உப்பு வேற."

"கூழைப் போயி எவனாவது தண்ணிக் கணக்குல சேப்பானா? நீ அந்த மனுசனை வாட்டறதைப் பாத்துகினு நான் சும்மா இருக்கணுமா? ஆடி மாசம், அம்மனுக்கு ஊத்தின கூழுடா."

அம்மன் கோயிலில் கூழ் வார்த்த நாளிலிருந்து தினமும் மதியம் ஒரு சொம்பு. நான் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும் நேரத்தில். அக்கா ஏமாற்றவில்லை. எங்கள் பக்கத்தில் கூழ் பசிக்குக் குடிப்பது, தாகத்துக்கு இல்லை. டாக்டரம்மாவுக்கு அதைத் தனியாகச் சொல்லத் தோன்றவில்லை. எங்களுக்குக் கேட்கத் தோன்றவில்லை. பாவாவுக்கு மட்டும் தெரியும் என்று நினைக்கிறேன். சொம்பு போனபிறகு மீசையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். ஜெயித்துவிட்ட சிரிப்பு. உடனே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். "ஒண்ணும் இல்ல, போடா" என்று திரும்பி உட்கார்ந்துகொண்டான்.

கிருத்திகை அன்று காலையில் மூச்சுத் திணறல் திரும்ப வந்துவிட்டது. கட்டிலிலிருந்து எழுந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். நெஞ்சுக்குள் ஹூக்கா இழுப்பதுபோல கொளகொளவென்று சத்தம் வந்தது. உதடு நீலம். நெற்றி வேர்வை கண்ணில் வழிந்தது. இருமினால் வாயில் நுரை வந்தது, லேசாக ரோஸ் நிறத்தில். நூற்றியெட்டுக்குப் போன் செய்தேன். கூட்டத்தில் வண்டி நகரவில்லை, எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்ல முடியாது என்றார்கள். ஆடிக் கிருத்திகைக்கு எங்கள் ஊரில் ரோடு இருக்காது. காவடியும் தலையும்தான் இருக்கும்.

ஷெட்டில் லுங்கிக் கட்டு ஏற்றுகிற மூன்று சக்கர மீன்பாடி வண்டி இருந்தது. அதில் நூல் மூட்டையைச் சாய்த்து வைத்து, அவனை நிமிர்த்தி உட்காரவைத்து, காலைத் தொங்கவிட்டேன். படுக்கவைக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். அக்கா பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள். நான் மிதித்தேன்.

மெயின் ரோட்டில் மஞ்சள் துணிக் கூட்டம். அரோகரா சத்தம். பம்பை. வண்டியில் சட்டையில்லாமல், உடம்பெல்லாம் வேர்த்து, கண்ணைச் செருகி, வாயில் நுரை தள்ள ஒருவன் உட்கார்ந்து வருவதைப் பார்த்தவர்கள் வேறு என்ன நினைப்பார்கள்? சாமி வந்திருக்கிறது என்று நினைத்தார்கள். ஒரு கிழவர் ஓடிவந்து நெற்றி நிறைய விபூதி பூசினார். ஒரு பெண் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"சாமி, என் பையன் வீட்டுக்குத் திரும்பி வருவானா? ஒரு வாக்கு சொல்லு சாமி!"

பாவா அவளைப் பார்த்து வாயைத் திறந்தான். நுரைதான் வந்தது.

"வருவாம்மா, நீ வண்டியை வுடு!" என்று நான் கத்தினேன்.

அதற்குள் கூட்டத்தில் மாலை போட்ட ஒருவன், கையில் ஐஸ் குச்சியோடு, பக்கத்திலிருந்தவனைத் தட்டிச் சொன்னான். "அருளாவது மண்ணாவது. நடிக்கறான்டா. ஆக்டிங் பாரு, சூப்பரு."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். பாவாவுக்குக் காது கேட்டது. எனக்குத் தெரியும், அவன் கண் அந்தப் பக்கம் திரும்பியது. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டிய இடம் அது. நான் மிதித்ததை நிறுத்திவிட்டு ஐஸ் குச்சிக்காரன் சட்டையைப் பிடித்தேன்.

"நடிக்கலடா! நெஞ்சுல தண்ணி! மூச்சு நிக்கப்போவுது! வழியை வுடுடா நாயே!"

கூட்டம் பிளந்தது. சிரித்தவனே வண்டியைப் பின்னாலிருந்து தள்ளினான். நான் மிதித்துக்கொண்டே பல்லைக் கடித்தேன். பாவாவின் வாயிலிருந்து எனக்காக வர வேண்டிய வார்த்தை, என் வாயிலிருந்து அவனுக்காக வந்துவிட்டது. அன்று அவன்மேல் எனக்கு வந்த கோபம் அதற்கு முன் எப்போதும் வந்ததில்லை.

ஆஸ்பத்திரியில் நிமிர்த்தி உட்காரவைத்தபடியே மூக்கையும் வாயையும் சேர்த்து மாஸ்க் போட்டு ஆக்சிஜன் திறந்தார்கள். கையில் நரம்பைத் தேடி, மாத்திரையாகக் கொடுத்த அதே நீர் மருந்தை ஊசியாக ஏற்றினார்கள். நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை. சிறுநீருக்குக் குழாய் போட்டு, பையைக் கட்டிலில் தொங்கவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் பை நிறைய ஆரம்பித்தது. நெஞ்சுக்குள் இருந்த தண்ணீர் ரத்தத்துக்குத் திரும்பி, அங்கிருந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு பையைக் காலிசெய்து அடுத்ததும் பாதி ஆனபோது கொளகொளப்பு அடங்கியது. உதட்டின் நீலம் போனது.

டாக்டரம்மா வந்தார். "என்ன குடிச்சார்?"

மாஸ்க்கை விலக்கிக்கொண்டு பாவா என்னைக் காட்டினான். "இவன்தான்... பாத்துக்கறான்."

அக்கா கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். "நான்தாம்மா குடுத்தேன், கூழு" என்றாள். "அது தண்ணியில சேரும்னு தெரியலம்மா."

டாக்டரம்மா திட்டவில்லை. "கூழ், மோர், ரசம், காபி, இளநீர், குடிக்கற எல்லாமே அந்த ஒரு லிட்டருக்குள்ளதாம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

சாயங்காலம் மாஸ்க்கை எடுத்துவிட்டு மூக்கில் மெல்லிய குழாய் வைத்தார்கள். பாவா சாய்ந்து படுத்திருந்தான். நெற்றியில் இன்னும் விபூதி இருந்தது. வெகுநேரம் என்னைப் பார்த்தான்.

"ரோட்டுல கத்தினியே" என்றான்.

"ஆங்."

"அன்னிக்கு நீ நடிக்கலன்னு எனக்குத் தெரியும்டா."

பையில் இறங்கும் நீரைப் பார்த்துக்கொண்டிருந்த நான் நிமிர்ந்தேன்.

"நீ தூங்கினப்போ நெத்தியைத் தொட்டுப் பாத்தேன். நெருப்பா சுட்டுது. வலது பக்கம் நெஞ்சு ஏறவே இல்ல. தீபாவளிச் சரக்கு முடியணும். உன்னை வுட்டா ஆளாளுக்கு இருமிகினு போயி படுத்துப்பாங்க. எல்லாரும் பயப்படணும்னுதான் அப்படிச் சொன்னேன்." மூச்சு வாங்கினான். "சொல்லணும்னு கேட்டுகினு இருந்தே இல்ல? சொல்லிட்டேன். போதுமா?"

நான் இத்தனை வருஷம் அவன் தெரியாமல் சொன்னான் என்றுதான் வைத்திருந்தேன். தெரியாமல் சொன்னவனைத் தெரிந்துகொள்ள வைக்க வேண்டும், அவ்வளவுதான் என் பழி. தெரிந்தே சொன்னவனுக்கு என்ன செய்வது என்று என்னிடம் திட்டம் ஒன்றும் இல்லை. நான் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் கொடுத்தவன் முகத்தில், பாக்கியைத் தீர்த்துவிட்டவனுடைய நிம்மதி இருந்தது. அந்த நிம்மதியைப் பிடுங்க வேண்டும்போல இருந்தது.

அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். முந்தானையால் அவன் நெற்றி விபூதியைத் துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள்.

"தம்பி, நீ காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடல. போயி டீ குடிச்சிட்டு வா" என்றாள். அவள் குரல் சாதாரணமாக இருந்தது.

வெளியே போனேன். மலைமேல் விளக்கு போட்டிருந்தார்கள். டீ குடித்தேன், பன் சாப்பிட்டேன். அப்படியே அரக்கோணம் பஸ்ஸில் ஏறி ரயில் பிடித்துவிடலாம் என்று தோன்றியது. கால் அந்தப் பக்கம்தான் இழுத்தது. ஆனால் திரும்பி வந்தேன்.

அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் பாட்டில் அவள் மடியில் இருந்தது.

"வாய் காஞ்சிபோச்சு. ஒரு வாய் தண்ணி குடு" என்றான் பாவா, அவளிடம்.

"குடுத்த அளவு முடிஞ்சிபோச்சி."

"பாட்டில்ல கீதே."

"அது காலையிலக்கி."

அவன் நம்பாமல் அவளைப் பார்த்தான். கல்யாணம் ஆனதிலிருந்து அவள் அவனுக்கு எதையும் இல்லை என்று சொல்லி நான் கேட்டதில்லை. அவனும் கேட்டிருக்க மாட்டான். பிறகு என் பக்கம் திரும்பினான். "நீயாவது சொல்லுடா" என்றான். அந்தக் குரலில் கெஞ்சல் இருந்தது.

வார்டு மூலையில் ஒரு ஸ்டூல் கிடந்தது. அதை இழுத்துவந்து, அவன் எந்தப் பக்கம் திரும்பினாலும் நான் தெரிகிற இடமாகப் பார்த்துப் போட்டு உட்கார்ந்தேன்.